ஐஸ்கிறீம் மூடி

சிவப்புத்தான் முதலில் கழன்று போகும்.
மூன்று பாகம் இறங்கு,
உன் சட்டைக்கரை கருஞ்சாம்பல்.
ஐந்தில் செம்மஞ்சள் போகும்.
பத்தில் மஞ்சளும் கைவிட
மிச்சம் நீலம் ஒன்றுதான்,
கேளாமலே கடன் தரும் கடைக்காரன்போல.

நிலாவெளியில் நான் எடுத்த முதல் நாற்பது படங்கள்
சொல்லித் தந்தது இது.
மீன் நீலம், கல் நீலம்,
றம்ஸீனின் உள்ளங்கை நீலம்.

கமெரா சின்னது,
சவர்க்காரப் பெட்டியளவு.
கொழும்பில் யாரோ பாவித்தது, ஆறு மாதத் தவணை.
கூட்டின் றப்பர் வளையத்தில்
ஒரு மயிர் கிடந்தாலும் கடல் உள்ளே வரும்.
ஆகவே ஞாயிறு விடியமுன்
மேசை லைட்டைக் கிட்ட இழுத்துவைத்து
வளையத்துக்குப் பேன் பார்ப்பேன்.

கிழமை நாளில் வேறு வேலை.
மத்திய வீதி ஸ்டூடியோவில்
கல்யாணப் படங்களுக்கு நிறம் திருத்துகிறேன்.
"பொம்பிளையை இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்கட்டாம்."
தாய் சொன்னதை முதலாளி கொண்டுவருவார்.
நான் மௌஸை இழுப்பேன்.
ஒரு கழுத்திலிருந்து வெயில் போகும்,
மூதூர்ப் படகுக்கு அவள் காத்துநின்ற
காலைகள் போகும்.
கூறைச் சிவப்பில் மட்டும் கைவைக்கக்கூடாது.
அதற்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்.

கடல் படத்தை அப்படி இழுக்க முடியாது.
இல்லாத சிவப்பை வீட்டில் வந்து இழுத்தால்
ரோஸ் நிறத்தில்
புள்ளிபுள்ளியாய் ஒரு பொய் வரும்.
அங்கேயே, அந்த ஆழத்திலேயே,
கமெராவுக்கு வெள்ளையைக் காட்டவேண்டும்:
இதுதான் வெள்ளை, நம்பு.
இறங்கினால் மறுபடி. ஏறினால் மறுபடி.
ஒரு பாகத்து வெள்ளை
அடுத்த பாகத்தில் செல்லாது.

என்னிடம் இருந்தது ஐஸ்கிறீம் பெட்டி மூடி,
வனிலா.
விளிம்பில் துளை, இடுப்போடு நைலோன் கயிறு.
"என்ன, கடலுக்கிட்டயே தட்டு நீட்டுறீங்களா?"
என்றான் றம்ஸீன், எஞ்சினை நிறுத்திவிட்டு.

புறாத்தீவுக்கு வடக்கே,
ஆவணியில் காற்று விழுந்த காலை.
ஏழு பாகத்தில் கல்லிடுக்கில் ஒரு கலவாய்.
முதல்நாள் சந்தைத் தராசில்
செந்தூரமாய்க் கிடந்த அதே சாதி
(விலை கேட்டு விட்டுவிட்டு வந்தேன்)
இங்கே ஈரச்சாக்கு நிறத்தில்
வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மூடியைப் பிடித்தேன். அழுத்தினேன்.
திரை ஒருகணம் யோசித்தது.
நீலம் பின்வாங்கியது.
கல்லுக்குப் பழுப்பு வந்தது,
பாசிக்கு ஊதா.
மீனுக்கு இன்னும் இல்லை.
பிளாஷ் வேண்டாம், தூசெல்லாம் நட்சத்திரமாகும்,
கலவாயும் ஓடிவிடும்.
கிட்டப் போ. இன்னும் கிட்ட.
ஒரு முழத்துக்கு மேற்பட்ட தண்ணீர் எல்லாம்
திரைச்சீலை.

இடக்கை ஊன்றிய இடத்தில் சிப்பி.
விரலிலிருந்து ஒரு நூல் எழும்பியது,
பச்சையாய்.
என் ரத்தம் அது என்று பிடிபட
நேரமெடுத்தது.
பச்சையாய் இருந்ததால் பயம் வரவில்லை.
இந்தத் தண்ணீரில் எத்தனை பேருடையது
இப்படிப் பச்சையாய்

காற்றுமானி ஐம்பதைத் தொட்டிருந்தது.
அந்த நினைப்பை அங்கேயே விட்டு
ஒரு படம், ஒரே படம்,
எடுத்துக்கொண்டு ஏறினேன்.

படகில் றம்ஸீன் கையால் நிழல் பிடித்துப் பார்த்தான்.
"மீன் நெருப்பு மாதிரி இருக்கு.
மூலையில என்ன அது, சிவப்பா, நூலா?"
"நூல்தான்," என்றேன்,
விரலை ஈரத் துவாய்க்குள் வைத்துக்கொண்டு.

திங்கள் வந்த பொம்பிளை ஆலங்கேணிப் பிள்ளை.
மூடியை அவள் கையில் கொடுத்து
முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன்.
"எதுக்கு அக்கா?"
"வெளிச்சம் பார்க்க."
பரிசு வாங்கியவள்போல இரு கையாலும் பிடித்தாள்.
வந்தது படம்: அரைத்த கறுவா நிறம்,
மூக்குத்தியடியில் ஒரு சின்னப் பரு,
எல்லாம் அதனதன் இடத்தில்.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார்,
தாயின் செய்தியோடு.
மௌஸில் கை இருக்கிறது.
வெட்டுப்பட்ட விரல் இப்போதுதான்
வலிக்கத் தொடங்குகிறது.